சான்றுப் பொருளாகிவிட்ட துப்பாக்கி

மலாக்கா மாநிலத்தின் வடமேற்கு மூலையில், லிங்கி ஆறு கடலோடு கலக்கும் கழிமுகத்துக்கும் மஸ்ஜித் தானா சிறுநகரத்துக்கும் இடைப்பட்டுக் கிடக்கிற கோலா சுங்கை பாரு வட்டாரத்தில், ஒரு தலைமுறைக்கு முன் பால்மரம் நின்ற நிலங்களில் எல்லாம் இன்று செம்பனை நிற்கிறது. அந்தச் செம்பனையை நட்டுப் பிழைக்கிற சிறு தோட்டக்காரனுக்குக் கள்வரைக் காட்டிலும் பெரிய பகையாக இருப்பது இரவிலே வருகிற காட்டுப்பன்றிதான். புதிதாக நட்ட கன்றின் அடியைக் கிளறி, மட்டைகளை ஒதுக்கித் தள்ளி, உள்ளே இருக்கும் வெள்ளைக் குருத்தை மட்டும் தின்றுவிட்டு அது அடுத்த கன்றுக்குப் போய்விடும். குருத்துப் போன கன்று பிழைப்பதில்லை. மூன்று ஆண்டு காத்திருந்து முதற்குலை வெட்ட வேண்டியவன் மறுபடியும் நாற்று வாங்கக் கிளம்ப வேண்டியதுதான். இந்தக் காரணத்தினாலேயே, துப்பாக்கி விஷயத்தில் உலகத்திலேயே மிகக் கடுமையான சட்டங்களை உடைய நாடுகளில் ஒன்றாகிய மலேசியாவிலும், பயிரைக் காக்கும் பொருட்டுச் சாமான்யப் பிரஜை ஒருவன் விண்ணப்பித்து, விசாரிக்கப்பட்டு, மாநிலக் காவல்துறைத் தலைவரின் கையொப்பத்தோடு ஒரு செனாப்பாங் பாத்தாவை, அதாவது நடுவில் மடித்துத் தோட்டா போடும் வேட்டைத் துப்பாக்கியை, வீட்டிலே வைத்துக்கொள்ள இடமளிக்கப்பட்டிருக்கிறது.

அப்படிப்பட்ட துப்பாக்கி ஒன்று களவு போய், பின்னர் காவல்துறையால் மீட்கப்பட்டு, தடயவியல் பரிசோதனையும் முடிந்த பிறகு, அதை இழந்தவன் நிலைமை என்ன என்பதே இங்கே ஆராய வேண்டிய விஷயம். நகரவாசிகளுக்கு இது அற்பமாகத் தோன்றலாம். துப்பாக்கி என்றாலே அது தொலைந்து ஒழிவது நல்லது என்று எண்ணுவோரும் நம்மிலே உண்டு, அந்த எண்ணத்தில் நியாயமும் உண்டு. ஆயினும் களவு கொடுத்தவனைச் சர்க்கார் எவ்வாறு நடத்துகிறது என்பதைப் பார்ப்பதற்கு, மோட்டார் சைக்கிளையும் கைத்தொலைபேசியையும் விட இந்த ஒரு பொருளே தகுந்த உதாரணம் என்பது என் அபிப்பிராயம். ஏனெனில் மற்றப் பொருள்களை இழந்தவன் பொருளை மட்டுமே இழக்கிறான், துப்பாக்கியை இழந்தவனோ அன்று முதல் பாதி சந்தேகத்துக்குரியவனாகவும் ஆகிவிடுகிறான்.

அந்தச் சந்தேகம் வெறும் மனப்பிரமை அன்று. 1971ஆம் ஆண்டின் துப்பாக்கிகள் (அதிகத் தண்டனை) சட்டத்தின்படி உரிமமில்லாமல் துப்பாக்கி வைத்திருப்பவனுக்குப் 14 ஆண்டு வரை சிறையும் குறைந்தது 6 பிரம்படியும் உண்டு. குற்றச்செயலின்போது சுட்டவனுக்கு மரண தண்டனை கட்டாயம் என்றிருந்த விதி 2023இல்தான் நீதிபதியின் தீர்மானத்துக்கு விடப்பட்டது. இத்தனை கடுமைக்கு நடுவே, திருடன் கையில் தன் துப்பாக்கி இருக்கிறது என்பதை அறிந்த தோட்டக்காரன் போலீஸ் நிலையத்துக்கு ஓடிப் புகார் எழுதிக் கொடுப்பதே பெரிய தைரியம். அதிலும் நம்மவர்களுடைய ஞாபகத்தில் துப்பாக்கிக்கும் சட்டத்துக்கும் இடையே நிற்கும் பெயர் ஒன்று உண்டு. அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராயிருந்த எஸ்.ஏ. கணபதி, ரவாங் அருகே வாட்டர்பால் தோட்டப் பகுதியில் ஒரு ரிவால்வரும் சில தோட்டாக்களும் வைத்திருந்ததாகப் பிடிபட்டு, இந்திய சர்க்கார் எவ்வளவோ பரிந்து பேசியும் பயனின்றி, 1949 மே 4ஆம் நாள் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அந்தத் துப்பாக்கியைப் போலீசிடம் ஒப்படைக்கவே கொண்டுபோய்க்கொண்டிருந்தார் என்பது அவர் தரப்பில் சொல்லப்பட்டதாக நம்மிடையே வழங்கிவரும் செய்தி. அவசரகாலச் சட்டத்துக்கு அது போதவில்லை. அந்த அவசரகாலம் முடிவுற்ற அதே 1960ஆம் ஆண்டில்தான் இன்று நம்மை ஆளுகிற ஆயுதச் சட்டமும் பிறந்தது என்பதை நினைக்கும்போது, நம்முடைய துப்பாக்கிச் சட்டத்தின் சுபாவத்தில் ஏன் பிரஜையின் சௌகரியத்துக்கு இடம் குறைவு என்பது விளங்கும். அது அச்சத்தின் காலத்தில் எழுதப்பட்டது. அச்சத்துக்கு அன்று காரணமும் இருந்தது.

இனி மீட்கப்பட்ட துப்பாக்கியின் கதிக்கு வருவோம். எங்கோ ஒரு சாலைத் தடுப்பிலோ, கொள்ளைக் கும்பல் தங்கியிருந்த வீட்டிலோ அது அகப்பட்டது என்று வைத்துக்கொள்வோம். உடனே ஒரு அட்டையில் வழக்கு எண் எழுதி விசைக்காப்பு வளையத்திலே கட்டப்படுகிறது; அந்த நொடியிலிருந்து அது இன்னாருடைய துப்பாக்கி என்ற தன்மையை இழந்து 'பாராங் கேஸ்', அதாவது வழக்குப் பொருள், ஆகிறது. செராசிலுள்ள காவல்துறைத் தடயவியல் ஆய்வகத்துக்கு அது போய்ச் சேர்ந்ததும் நடப்பவை யாவும் அவசியமானவை, அவற்றில் குறைசொல்ல எனக்கு ஒன்றுமில்லை. முதலில் விசையிலும் கைப்பிடியிலும் பஞ்சுக்குச்சியால் ஒற்றி மரபணுச் சான்று எடுக்கிறார்கள். பிறகு பிசினின் ஆவியை அடைத்த பெட்டிக்குள் வைத்து விரல்ரேகையை வெளிக்கொணர்கிறார்கள். அந்த ஆவி உலோகத்தின்மேல் வெண்படலமாகப் படிந்துவிடும். திருடன் எண்ணை ராவி அழித்திருந்தால், அந்த இடத்தை மெருகேற்றிச் செப்பு உப்பும் அமிலமும் கலந்த கரைசலைத் தடவ, எண் பொறித்தபோது அமுங்கிய உலோகம் மற்ற இடத்தைவிட வேறு விதமாக அரிக்கப்பட்டு, அழிந்த எண் நிழல்போலத் தலைகாட்டும். களவு கொடுத்தவனுடைய உரிமப் புத்தகத்தில் உள்ள எண்ணும் இந்த நிழலும் ஒத்துப்போகும் வரை, துப்பாக்கி தன்னுடையது என்று அவன் சொல்வதற்குச் சட்டப்படி அதிக மதிப்பில்லை. ஆகையால் எண்ணும் படமும் தனியே ஓர் இடத்தில் பத்திரப்படுத்தி வைக்காத உரிமையாளர்களை நான் வீட்டைப் பூட்டாமல் ஊருக்குப் போகிறவர்களோடு சேர்த்துத்தான் எண்ணுவேன்.

கடைசியாகச் சுட்டுப் பார்க்கும் சோதனை. வேட்டைத் துப்பாக்கியின் குழல் உட்புறம் வழவழப்பானது. மற்றத் துப்பாக்கிகளில் உள்ள சுருள்வரிகள் அதில் இல்லை. ஆதலால் உடலிலிருந்து எடுத்த ஈயக்குண்டுகளைக் கொண்டு இன்ன குழலிலிருந்து வந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் தோட்டாவின் அடியிலே மோதும் ஊசிமுனையும், அதைத் தாங்கி நிற்கும் எஃகுப் பரப்பும், ஒவ்வொரு துப்பாக்கியிலும் தனக்கே உரிய வடுவைப் பித்தளையில் பதித்துவிடுகின்றன. சம்பவ இடத்தில் பொறுக்கிய வெற்றுத் தோட்டாவையும் ஆய்வகத்தில் சுட்ட தோட்டாவையும் ஒப்பீட்டு நுண்ணோக்கியின் கீழே பாதி பாதியாகப் பொருத்திப் பார்த்து நிபுணர் முடிவு சொல்வார். 1929 பிப்ரவரி 14 அன்று சிக்காகோவில் ஏழு பேர் சுட்டுக் கொல்லப்பட்ட வழக்கில், கால்வின் கோடார்ட் என்பவர் இவ்விதமாகவே இரண்டு தாம்சன் துப்பாக்கிகளை அடையாளம் காட்டியதிலிருந்து இந்தக் கலை உலகமெங்கும் நிலைபெற்றது. அந்த இரண்டு துப்பாக்கிகளும் மிச்சிகன் மாநிலத்தின் பெரியன் வட்டாரத்துக் காவல் அலுவலகத்திலேயே இன்றுவரை இருக்கின்றன. அவை கொலைகாரர்களின் ஆயுதங்கள், திருப்பிக் கேட்க யார் வருவார்கள்? ஆகவே அந்த நீண்ட சிறைவாசத்தால் ஒருவருக்கும் நஷ்டமில்லை.

நம் தோட்டக்காரனுடைய நிலை அதுவன்று. சோதனை முடிந்து அறிக்கை எழுதப்பட்ட நாளிலே, அந்தத் துப்பாக்கி சொல்லவேண்டிய சாட்சியத்தில் பெரும்பகுதியைச் சொல்லி முடித்துவிடுகிறது. சுடப்பட்ட சோதனைத் தோட்டாவும், எடுத்த புகைப்படங்களும், நிபுணர் அறிக்கையும் அரசு வழக்கறிஞரின் கட்டிலே சேர்ந்துவிடுகின்றன. எஞ்சியிருப்பது எஃகும் மரமும். அந்த எஃகும் மரமும் அதன் பின்னர் பொருள்வைப்பறையிலே, வழக்கு எப்போது வருமோ, ஒத்திவைப்பு எத்தனை நடக்குமோ, மேல்முறையீடு உண்டோ இல்லையோ என்று யாருக்கும் தெரியாத ஒரு காலம் வரை கிடக்கும். நம் கடற்கரைப் பக்கத்து ஈரக்காற்றில், எண்ணெய் போட்டுத் துடைக்க ஆளில்லாத குழல் துருப்பிடித்துப் புள்ளி விழுவதற்கு அதிக மாதங்கள் வேண்டியதில்லை.

சட்டம் இந்த விஷயத்தில் மௌனமாக இருக்கிறது என்று சொல்ல முடியாது. நம்முடைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தொகுப்பின் 413ஆம் பிரிவு, களவுப் பொருள் என்று சந்தேகித்துப் போலீசார் கைப்பற்றிய பொருளைப் பற்றி மாஜிஸ்திரேட்டுக்கு அறிவிக்க வேண்டும் என்றும், அதை வைத்திருக்க உரிமையுள்ளவனிடம் சேர்ப்பிக்கும்படி அவர் உத்தரவிடலாம் என்றும், உரிமையாளன் இன்னாரென்று தெரியாவிட்டால் அறிவிப்புக் கொடுத்து ஆறு மாதம் காத்திருக்க வேண்டும் என்றும் சொல்கிறது; விசாரணையில் சான்றாக வந்த பொருள்களை என்ன செய்வது என்பதை நீதிமன்றம் தீர்மானிக்க 407ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. உரிமையாளன் தெரியாத பொருளுக்கு ஆறு மாதம் என்று எல்லை வகுத்த சட்டம், உரிமையாளன் பெயரும் முகவரியும் உரிமப் புத்தகத்தில் அச்சடித்தாற்போல் இருக்கும் பொருளுக்கு ஒரு எல்லையும் வகுக்கவில்லை என்பதுதான் வேடிக்கை. விசாரணைக்குத் தேவைப்படுகிறது என்ற ஒரு வாக்கியம் போதும், மாஜிஸ்திரேட் தயங்கி நிற்பார். தேவை எப்போது தீரும் என்று அவரைக் கேட்கச் செய்யும் கட்டாயமோ, சொல்லவைக்கும் கட்டாயமோ எங்கும் இல்லை.

இந்த 413ஆம் பிரிவு நமக்கு ஆங்கிலேயர் காலத்தில் இந்தியச் சட்டத்தொகுப்பை அடியொற்றி வந்தது. அங்கே 1898ஆம் ஆண்டுத் தொகுப்பில் 523 என்ற எண்ணோடு இருந்த அதன் உடன்பிறப்பு, பின்னர் 457 ஆகி, இப்போது 503 ஆகியிருக்கிறது. ஒரே வயிற்றில் பிறந்த இரண்டில் ஒன்று காலத்தோடு நடந்திருக்கிறது, மற்றொன்று நின்ற இடத்திலேயே நிற்கிறது. கர்நாடகத்துப் பெண்மணி ஒருவரின் களவு போன நகைகள் மீட்கப்பட்டு, போலீஸ் நிலையப் பெட்டியிலிருந்தே மறுபடியும் காணாமற்போன வழக்கில், பொருளின் மதிப்பை மாநில அரசே கொடுக்க வேண்டும் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1977இல் தீர்ப்பளித்தது. 2002இல் சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில், கைப்பற்றிய பொருள்களைப் பதினைந்து நாள் முதல் ஒரு மாதத்துக்கு மேல் போலீஸ் நிலையங்களில் அடைத்து வைக்கலாகாது, படமெடுத்துப் பட்டியலிட்டுப் பிணைப்பத்திரம் வாங்கிக்கொண்டு உரியவனிடம் கொடுத்துவிட வேண்டும் என்று அதே நீதிமன்றம் சொன்னது. 2024 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த அவர்களுடைய புதிய தொகுப்பு, பொருள் நீதிமன்றத்துக்கு வந்த 14 நாட்களுக்குள் அதன் விவரப்பட்டியல் தயாராக வேண்டும், படமெடுக்கப்பட வேண்டும், அதன் பின் 30 நாட்களுக்குள் அதை என்ன செய்வதென்று உத்தரவு பிறக்க வேண்டும் என்று எழுத்திலேயே விதித்துவிட்டது. எழுத்தில் விதித்தது யாவும் அங்கே நடந்துவிடுகிறது என்று நம்பும் அளவுக்கு நான் பேதையல்லன். அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து களவு போன நடராஜர், ஆஸ்திரேலியா வரை போய் 2014இல் பிரதமர்களுடைய கைகளின் வழியே தாயகம் திரும்பியும், சொந்தச் சந்நிதிக்குப் போகாமல் கும்பகோணத்துச் சிலைப் பாதுகாப்பு மையத்துக்கே போய்ச் சேர்ந்தார். தெய்வமே வழக்குப் பொருளாகிவிட்ட தேசம் அது. ஆயினும் காலக்கெடு என்ற ஒன்று இருந்தால், அது மீறப்பட்டது என்று சுட்டிக்காட்டவாவது குடிமகனுக்கு ஒரு பிடி கிடைக்கிறது. நமக்கு அந்தப் பிடியும் இல்லை.

இங்கே எதிர்வாதம் ஒன்று எழும், அதை நான் அலட்சியம் செய்யவில்லை. துப்பாக்கி சைக்கிள் அன்று. களவு போனது என்றாலே அதை வைத்திருந்தவன் ஜாக்கிரதையாக இருந்தானா என்ற கேள்வி நியாயமாகப் பிறக்கிறது. இரும்புப் பெட்டியில் பூட்டி வைத்தானா, கட்டிலுக்கடியில் சாக்கில் சுற்றி வைத்தானா என்று விசாரிக்காமல் அதே கையில் மறுபடியும் கொடுப்பது எப்படி? உண்மை. இன்னொன்றும் சொல்லலாம்: அந்தத் துப்பாக்கியால் ஓர் உயிர் போயிருந்தால் அதை வீட்டுக்குள் கொண்டுவர அவனே விரும்புவானா, அவன் மனைவி சம்மதிப்பாளா? குழலை அறுத்துக் குட்டையாக்கியிருந்தால் அது உரிமத்தில் வர்ணிக்கப்பட்ட பொருளே அல்லாமற் போகிறது, அழித்துவிடுவதைத் தவிர வேறு வழியில்லை. ஆகவே மீட்ட துப்பாக்கி எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்தே தீரவேண்டும் என்பது என் வழக்கு அன்று. கொடுக்கிறோம் என்றோ, இன்ன காரணத்தால் கொடுக்க மாட்டோம் என்றோ ஒரு முடிவை, எழுத்து மூலமாக, குறித்த காலத்துக்குள் பெறுவதற்கு அவனுக்கு உரிமை உண்டு என்பதே என் வழக்கு. கொடுக்க மறுத்தால், அவன் மாஜிஸ்திரேட்டிடம் போய் வாதாடலாம், நஷ்டஈடு கேட்கலாம், வேறு துப்பாக்கிக்கு விண்ணப்பிக்கலாம், அல்லது வேலி போட்டு, நாய் வளர்த்து, துப்பாக்கியை மறந்துவிடலாம். ஒன்றும் சொல்லாமல் விட்டால் இவற்றில் ஒன்றையும் அவனால் செய்ய முடியாது. பன்றி மாத்திரம் தவறாமல் வரும்.

அஜாக்கிரதை என்று சொல்லும்போது, சர்க்கார் தன் பக்கத்தையும் சற்றுப் பார்த்துக்கொள்வது நல்லது. 2000 ஜூலை 2 அன்று, இராணுவ அதிகாரிகளைப் போல் உடை தரித்து, திடீர்ச் சோதனைக்கு வந்ததாகச் சொல்லிக்கொண்டு, அல்-மவுனா கூட்டத்தார் பேராக் மாநிலத்து கெரிக் பகுதியில் இரண்டு இராணுவ முகாம்களுக்குள் நுழைந்து 97 எம்-16 துப்பாக்கிகளோடு வெளியேறினார்கள். சில நாட்களில் சாவுக் அருகே ஜெனாலிக் குன்றில் அந்த ஆயுதங்கள் மீட்கப்பட்டன. ஆனால் பணயக் கைதிகளாகச் சிக்கியவர்களில் கோர்ப்பரல் சகாதேவன் என்ற நம் தமிழ்க் காவலரும், மேத்யூ மேடான் என்ற இபான் இன வீரரும் உயிரோடு திரும்பவில்லை. களவு போன துப்பாக்கிக்கு எத்தகைய விலை கொடுக்க நேரும் என்பதை இந்த நாட்டுத் தமிழர்களுக்கு வேறு எந்தச் சம்பவமும் இவ்வளவு தெளிவாகக் காட்டவில்லை. ஆதலால்தான் கடுமையான விதிகளை நான் எதிர்க்கவில்லை. என்றாலும், ஏமாந்த முகாம் ஆயுதம் வைத்திருக்கும் தகுதியை இழந்துவிட்டது என்று யாரும் சொல்லவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். அதன் பின், 2013 அக்டோபரில் வெளியான தலைமைக் கணக்காய்வாளர் அறிக்கை, காவல்துறையே 44 துப்பாக்கிகளைத் தொலைத்துவிட்டது என்று கூறியபோது, அவற்றில் சில கடலில் விழுந்திருக்கலாம் என்று அன்றைய தேசியக் காவல்துறைத் தலைவர் காலித் அபூ பாக்கார் விளக்கம் சொன்னார். இருக்கலாம், கடலில் விழுவது நடக்காத காரியமல்ல. கோலா சுங்கை பாருவில் கடலுக்கு எதிரிலேயே குடியிருக்கும் தோட்டக்காரன் ஒருவன், என் துப்பாக்கி கடலில் விழுந்திருக்கலாம் என்று அலோர் காஜா போலீஸ் தலைமையகத்தில் போய்ச் சொன்னால் அவனுக்கு என்ன பதில் கிடைக்கும் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

காலதாமதத்தினால் விளையும் கேடுகளில் வெளியே தெரியாத ஒன்று உரிமத்தைப் பற்றியது. துப்பாக்கி உரிமம் ஆளுக்குரியது, வீட்டுக்குரியது அன்று. தகப்பனுக்குப் பிறகு மகனிடம் தானாகப் போகாது. காலந்தோறும் புதுப்பிக்க வேண்டிய அந்த உரிமம், பொருள் கையில் இல்லாத ஆண்டுகளில் எந்த நிலையில் நிற்கிறது? புதுப்பிக்காமல் விட்டால், திருப்பித் தரும் நாளில் உரிமம் இல்லை என்று சொல்லி மறுக்க இடமுண்டு. புதுப்பிக்கப் போனால், காட்டத் துப்பாக்கி எங்கே என்று கேட்க இடமுண்டு. இத்தகைய துப்பாக்கிகளின் உடைமையாளர்களில் பெரும்பாலோர் முதியவர்கள்; இளைஞர்கள் சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் போய்விட்டார்கள். வழக்கு முடிவதற்குள் அந்த முதியவர் காலமானால், அவர் பெயரில் இருந்த உரிமமும் அவரோடு போய்விடுகிறது. மகன் புதிதாக விண்ணப்பித்து, தனக்கு அதற்கு அவசியம் உண்டு என்று நிரூபித்து, உரிமம் பெற்ற பிறகே அதைக் கேட்கலாம். கிடைக்காவிட்டால் விற்கவாவது வழி வேண்டும். பொருள்வைப்பறையில் கிடப்பதை எந்த வியாபாரியும் விலைக்குக் கேட்கமாட்டான்.

ஆதலால் 413ஆம் பிரிவில் காலக்கெடு ஒன்றைச் சேர்ப்பது நாடாளுமன்றத்தின் வேலை. அதற்கு நம் மலாக்காப் பிரதிநிதிகளில் ஒருவராவது வாய் திறக்க வேண்டும். ஆய்வக அறிக்கை வந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள், வழக்கு நடந்தாலும் நடக்காவிட்டாலும், மாஜிஸ்திரேட் முன் விஷயம் வரவேண்டும். வழக்குக்குத் துப்பாக்கியே நேரில் தேவை என்றால், ஏன் படமும் சோதனைத் தோட்டாவும் போதா என்பதை அரசு வழக்கறிஞர் அங்கே சொல்லட்டும். தேவையில்லை என்றால், அழைத்தபோது கொண்டுவந்து காட்டுவேன் என்று பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு, வீட்டிலே இரும்புப் பெட்டி இருக்கிறதா என்று ஒரு போலீஸ்காரரை அனுப்பிப் பார்த்துவிட்டுக் கொடுத்துவிடட்டும். அதுவரை உரிமம் நிறுத்திவைக்கப்பட்டதாகக் கருதப்பட வேண்டுமே தவிர காலாவதியானதாகக் கருதப்படக் கூடாது.

இவை எல்லாம் ஆகும் வரை காத்திராமல், மாநிலக் காவல்துறைத் தலைமையகம் நாளைக்கே செய்யக்கூடிய காரியம் ஒன்று உண்டு. துப்பாக்கி மீட்கப்பட்ட செய்தியை உரிமையாளனுக்குச் சொல்லும்போதே, வழக்கு எண், பொருளை வைத்திருக்கும் நிலையம், பொறுப்பதிகாரியின் பதவி, ஆய்வகத்துக்கு அனுப்பிய தேதி, திரும்பி வந்த தேதி என்ற இந்த ஐந்து விவரங்களையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, ஆறு மாதத்துக்கு ஒரு முறை அதைப் புதுப்பித்துத் தரலாம். அந்தத் தாளைக் கையில் வைத்திருப்பவன் அலோர் காஜா நீதிமன்றத்தில் மனுப்போட எந்த வழக்கறிஞரிடமும் போகலாம். இதற்குச் சட்டத் திருத்தம் வேண்டியதில்லை. ஒரு சுற்றறிக்கை போதும்.